அது ரோல்ஸ் ராய்ஸ் இல்லை, பிளிமத்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் செட்டிநாட்டுப் பழைய படங்களை ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். நல்ல காரியம். நடுவில் பெரிதாக இருந்த கல்யாண ஊர்வலப் படத்துக்குக் கீழே "1930-களில் ரோல்ஸ் ராய்ஸ் காரில் மாப்பிள்ளை ஊர்வலம்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியில் கார் பெயரும் தப்பு, காலமும் தப்பு. அது பிளிமத். 1946-க்கு முன்னால் அந்த வண்டி உலகத்தில் எங்கும் கிடையாது.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் டிரைவர். நான் காரைக்குடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்து, இப்போது மகன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். பழைய படத்தில் கார் இருந்தால் அதில் நிற்கும் மனிதர்கள் என் கண்ணில் பட மாட்டார்கள். மைத்துனர் கல்யாண ஆல்பத்தைப் புரட்டி "இது மார்க் டூ அம்பாசடர்" என்று நான் சொன்னதற்கு என் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு இன்னும் ஓயவில்லை. இதே பைத்தியம் பிடித்தவர்கள் ஊரில் இன்னும் சிலர் உண்டு. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சர்வேயர், டிங்கரிங் வேலை செய்யும் ஒரு தம்பி, பள்ளத்தூர்க்காரர் ஒருவர். பள்ளத்தூர்க்காரர் சென்னையில் இருந்துகொண்டு வீட்டு ஆல்பங்களைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புவார். நாங்கள் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்துச் சண்டை போடுவோம். உங்கள் படமும் அன்று காலையிலேயே அங்கே வந்துவிட்டது.

சரி, படத்துக்கு வருகிறேன். முதலில் ஹெட்லைட். 1930-களின் பெரும்பாலான பிளசர் கார்களில் ஹெட்லைட் தனியாக ஒரு தண்டிலோ, ரேடியேட்டர் பக்கத்திலோ நிற்கும். அமெரிக்க வண்டிகளில் அது மட்கார்டுக்குள் இறங்கிக் குடியேறியது அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். உங்கள் படத்தில் ஹெட்லைட் மட்கார்டுக்குள் முழுசாகப் புதைந்திருக்கிறது. அடுத்து, முன்கண்ணாடி. நடுவில் ஒரு தண்டு வைத்து இரண்டு துண்டாக இருக்கிறது. மூன்றாவது கிரில், அதாவது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கம்பித் தட்டி. மாலைகளுக்கு நடுவே தெரிகிற இடத்தில் படுக்கைக் கம்பிகள், அகலமாக ஒன்று, மெல்லியதாக ஒன்று என்று மாறி மாறி ஓடுகின்றன. இந்த மூன்றையும் சேர்த்தால் போருக்குப் பிறகு வந்த பிளிமத்தைத் தவிர வேறு எதுவும் வராது.

ரோல்ஸ் ராய்ஸின் ரேடியேட்டர் வேறு ஜாதி. மூலைகள் கத்தி வைத்து வெட்டியது போல் இருக்கும், நெஞ்சு தட்டையாக இருக்கும், உள்ளே நெட்டுக்குத்தாகப் பட்டைகள் நிற்கும். 1911-லிருந்து அதன் தலையில் நிற்கும் அந்தப் பறக்கும் பெண் சிலையைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உங்கள் படத்திலும் பானெட் நுனியில் ஏதோ இறக்கை விரித்தது போலத் தெரிகிறது. பத்திரிகைத் தாளில் புள்ளி புள்ளியாக அச்சானதால் அப்படி. அது பாய்மரக் கப்பல். பிளிமத் என்றால் கப்பல், டாட்ஜ் என்றால் கொம்புள்ள ஆட்டுக்கடா, பாண்டியாக் என்றால் செவ்விந்தியர் தலை. அந்தக் காலத்தில் அமெரிக்க வண்டி பலவற்றுக்கும் நெற்றியில் இப்படி ஒரு பொம்மை உண்டு. பொம்மையைப் பார்த்ததும் ரோல்ஸ் ராய்ஸ் என்று எழுதினால் செட்டிநாட்டில் வீட்டுக்கு இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் நின்றதாகத்தான் வரலாறு முடியும்.

பிளிமத், டாட்ஜ், டிசோட்டோ மூன்றும் கிரைஸ்லர் கம்பெனியின் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் அப்பாவுக்கே சில நேரம் சந்தேகம் வரும். முகத்தைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். 1946-48 வண்டிகளில் பிளிமத்துக்குப் படுக்கைக் கம்பி, டாட்ஜுக்குக் கட்டம் கட்டமாக ஜல்லடை, டிசோட்டோவுக்கு நெட்டுக்குத்தாகப் பல் வரிசை. இந்த பிளிமத்தை 1946-லிருந்து 1949 தொடக்கம் வரை பெரிய மாற்றம் எதுவும் செய்யாமலே விற்றார்கள். அதனால் அதற்குள் எந்த வருஷத்து வண்டி என்று இந்தப் படத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இந்தக் கார்களைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டத் தொடங்கியது 1947-ல். ஆகவே நம் பக்கத்து ரோட்டில் இது ஓடியது சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் இருந்துதான். வெள்ளைக்காரன் காலத்து 1930-களுக்கு இதைக் கொண்டுபோக வழியே இல்லை.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். படத்தில் இருக்கும் கார் "இதற்கு முன்னால் இல்லை" என்று மட்டும்தான் சொல்லும். "இதற்குப் பின்னால் இல்லை" என்று ஒருபோதும் சொல்லாது. பழைய படம் பார்க்கிற பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 1948 மாடல் கார் நின்றால் 1948 கல்யாணம் என்று எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் எந்தக் காரை அப்படி உடனே விற்றார்கள்? அப்பா வேலை பார்த்த வீட்டில் 1934 ஃபோர்டு 60-களிலும் திருச்சி போய் வந்துகொண்டிருந்தது. வாரத்தில் பாதி நாள் ஷெட்டில் துணி போர்த்திக் கிடக்கும், கல்யாணம் காட்சி என்றால் வெளியே வரும். வருகிற சம்பந்தி வீட்டாருக்கு அனுப்புவதும் அதைத்தான். அப்படிப்பட்ட வண்டியை வைத்துக் கல்யாண வருஷத்தை நிச்சயம் பண்ணினால் மாப்பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே கல்யாணம் ஆகியிருக்கும்.

ஆனால் ஒரு பக்கத்து எல்லை தெரிந்தாலே எவ்வளவு காரியம் ஆகும் பாருங்கள். 1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு காரைக்குடிக்கு வந்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த ஆய்வகம். அன்றைக்கு எடுத்தது என்று ஒரு படம் கைபேசிகளில் சுற்றுகிறது. பந்தலும் கூட்டமும் தெரிகின்றன, ஓரத்தில் ஒரு பெரிய கார் நிற்கிறது, அதன் முன் மட்கார்டில் வரிசையாக மூன்று ஓட்டை. மட்கார்டில் ஓட்டை வைத்தது பியூக், அதுவும் 1949 மாடலில் இருந்துதான். 1948 ஜூலையில் அந்த ஓட்டை அமெரிக்காவிலேயே கடைக்கு வரவில்லை, காரைக்குடிக்கு எங்கே வருவது? ஆய்வகம் திறந்த 1953 ஜனவரியில் எடுத்த படமாக இருக்கலாம், அல்லது வேறு ஏதோ விழாவாக இருக்கலாம். அடிக்கல் விழா மட்டும் இல்லை. பந்தலையும் துண்டு போட்ட பெரியவர்களையும் எத்தனை நேரம் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

சர்வேயர் வேலை இன்னும் நுணுக்கமானது. பள்ளத்தூர் ஆல்பத்தில் ஒரு படம். வீட்டு முகப்பில் சாரம் கட்டியிருக்கிறது, கொத்தனார்கள் நிற்கிறார்கள், முன்னால் ஒரு மாடல் ஏ ஃபோர்டு. வீடு 1928-ல் முடிந்தது என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் பேச்சு. மாடல் ஏ 1928-லிருந்து 1931 வரை வந்த வண்டி, ஆகவே பொருந்துகிறது என்று விட்டுவிடலாம். இவர் விடவில்லை. ஃபோர்டு கம்பெனி முதல் இரண்டு வருஷம் 21 அங்குல வீலும், 1930-லிருந்து 19 அங்குல வீலும் போட்டது. படத்தில் அங்குலம் ஏது? இவர் டிவைடரை எடுத்து முதலில் டயரின் மொத்த உயரத்தையும், அப்புறம் உள்ளே இருக்கும் ரிம்மின் உயரத்தையும் எடுத்து, ஒன்றை ஒன்றால் வகுத்தார். 21 அங்குல ரிம்மில் நாலரை அங்குல டயர், அதாவது மொத்தம் ஏறத்தாழ 30 அங்குலம். ரிம் அதில் பத்தில் ஏழு பங்கு வரும். 19 அங்குல ரிம்மில் நாலேமுக்கால் அங்குல டயர் என்றால் ரிம் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். கார் படத்தில் சற்றுத் திரும்பி நிற்பதால் அகலத்தை அளக்கக் கூடாது, உயரத்தைத்தான் அளக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தார். விடை மூன்றில் இரண்டு. அப்படியானால் 1930 அல்லது அதற்குப் பின். பள்ளத்தூர்க்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு வீட்டுக் கணக்குப் பேரேட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். 1931-ல் மேல்மாடி வேலைக்குக் கொத்துக்கூலி எழுதியிருக்கிறது. வீடு 1928-ல் முடிந்ததும் உண்மை, சாரம் கட்டியது மாடிக்கு என்பதும் உண்மை.

நகரத்தார் வீடுகளில் இந்த வசதி உண்டு. கல்யாணம் என்றால் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதியிருப்பார்கள், மொய்க்கணக்கு இருக்கும், சாமான் பட்டியல் இருக்கும். எல்லாவற்றிலும் தேதி இருக்கும். தேதியில்லாமல் கிடப்பது படம் மட்டும்தான். காரைப் பார்த்து ஒரு எல்லை வைத்துக்கொண்டு, அப்புறம் பேரேட்டைத் தேடினால் எந்தக் கல்யாணம் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். உங்கள் நிருபர் அந்தப் படத்தைக் கொடுத்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

டிங்கரிங் தம்பிக்கும் எனக்கும் தெரிந்த, சர்வேயருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கழற்றி மாட்டக் கூடிய எதையும் சாட்சியாக எடுக்கக் கூடாது. பம்பர், ஹெட்லைட் வளையம், வீல் கப், பானெட் பொம்மை, ஏன், வீலே கூடத்தான். (பள்ளத்தூர் ஃபோர்டுக்கு இதைச் சொன்னேன். நாலு வீலும் ஸ்டெப்னியும் ஒரே அளவில் இருக்கின்றன, ரேடியேட்டர் மூடியும் பின்னால் வந்த உயரமான மூடி என்று சர்வேயர் வாயை அடைத்துவிட்டார்.) 1953-54-ல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகு அந்த வண்டிகளுக்குச் சாமான் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்பா ஓட்டிய டாட்ஜில் ஒரு பக்கத்து ஹெட்லைட் வளையம் ஃபார்கோ லாரியில் இருந்து வந்தது. வைப்பர் எதிலிருந்து வந்தது என்று அவருக்கே நினைவில்லை. பெட்ரோல் செலவு கட்டாமல் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் ஏற்றிய பிளிமத்தையும் பார்த்திருக்கிறேன். எஞ்சின் படத்தில் தெரியாது என்பது வேறு விஷயம். நம்ப வேண்டியது எதை என்றால் கதவுக் கீல் எந்தப் பக்கம் இருக்கிறது, முன்கண்ணாடிச் சட்டம் எப்படிச் சாய்கிறது, கூரை பின்பக்கம் எப்படி இறங்குகிறது, பின் ஜன்னல் எவ்வளவு பெரிது என்பதை. இவற்றை எந்தப் பட்டறையும் மாற்றாது. மாற்றினால் கார் வாங்குகிற காசு ஆகும்.

போர்க்காலத்துப் படங்களுக்கும் தனி அடையாளம் உண்டு. 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் சொந்த உபயோகக் கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள், 1945 பிற்பாதியில்தான் திரும்பத் தொடங்கினார்கள். ஆகவே "1944 மாடல் செவர்லே" என்று யாராவது சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். நம் பக்கம் பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பஸ்ஸுக்கும் காருக்கும் பின்னால் கரி போட்டு எரிக்கும் பீப்பாயை மாட்டினார்கள். படத்தில் வண்டிக்குப் பின்னால் அடுப்பு மாதிரி ஏதாவது துருத்திக்கொண்டிருந்தாலும், ஹெட்லைட்டுக்கு முக்காடு போட்டு மட்கார்டு விளிம்பில் வெள்ளை அடித்திருந்தாலும் அது அந்தச் சில வருஷங்கள்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கத்து எல்லையும் கிடைக்கும்.

அப்புறம், செட்டிநாட்டு ஆல்பத்தில் இருக்கும் கார் எல்லாம் செட்டிநாட்டில் நின்ற கார் இல்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஊர்களில் எடுத்த படங்கள் பாதி. ரங்கூன், பினாங்கு, ஈப்போ, கொழும்பு, சைகோன். நம்பர் பலகையைப் படித்தால் ஊர் தெரிந்துவிடும். போருக்குப் பிந்தைய மலாயாவில் ஆங்கில எழுத்து பி என்றால் பினாங்கு, ஏ என்றால் பேராக், ஜே என்றால் ஜோகூர், எம் என்றால் மலாக்கா. பலகையின் நடுவில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்தால் இலங்கை, அதுவும் 50-களின் பிற்பகுதிக்குப் பின்னால். அந்த எழுத்துக்காக அங்கே எவ்வளவு பெரிய போராட்டம் நடந்தது என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். சைகோன் படங்களில் வண்டி ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும், பிரெஞ்சுக்காரன் ஊர் இல்லையா. புட்போர்டே இல்லாமல் தரையோடு படுத்த மாதிரி ஒரு கார், கிரில்லில் கூரைச் சட்டம் போல இரண்டு முக்கோணக் கோடு இருந்தால் அது சித்ரோவென். 1934-லிருந்து 1957 வரை ஏறத்தாழ அதே உருவத்தில் செய்தார்கள், வருஷம் கேட்டு எங்களைத் தொந்தரவு பண்ணாதீர்கள்.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் உடனே சைகோன் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் போட்டிருப்பார்கள். பழைய ஸ்டுடியோக்களில் சகஜம். உங்கள் பக்கத்திலேயே கீழ் வரிசையில் இரண்டாவது படம் அப்படித்தான் வந்திருக்கிறது. அதில் டிரைவரின் சட்டைப் பை வலது மார்பில் இருக்கிறது பாருங்கள். கடைப்பெயர்ப் பலகையோ நம்பர் பலகையோ இல்லாத படத்தில் சட்டைப் பைதான் கைகொடுக்கும். அதைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டியரிங் ஒழுங்காக வலப்பக்கம் வந்துவிடுகிறது, ஆஸ்டின் ஏ40 என்பதும் தெளிவாகத் தெரிகிறது. சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பூட்டிய வண்டி. லாரி செய்யும் அசோக் லேலண்டுக்கு முந்தைய பிறவி அது. இதற்குக் கீழே நீங்கள் "வெளிநாட்டில் எடுத்த படம்" என்று போட்டிருக்கிறீர்கள்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி வந்திருக்கிறது. பழைய படத்தைக் கைபேசிச் செயலியில் போட்டுத் தெளிவாக்கி, வண்ணம் தீட்டி அனுப்புகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் செயலிக்கு மங்கலான கிரில்லில் எத்தனை கம்பி என்று தெரியாது, தானாக வரைந்துவிடுகிறது. நம்பர் பலகையில் இல்லாத எழுத்தை எழுதுகிறது. ஒரு படத்தில் டிசோட்டோவின் பல் எல்லாம் கட்டமாக மாறி டாட்ஜ் ஆகிவிட்டது. வண்ணமும் அப்படித்தான். பழைய ஃபிலிம் சிலவற்றில் சிவப்பு கறுப்பாகத்தான் பதியும். அப்பா ஓட்டிய டாட்ஜ் மெரூன் நிறம், படத்தில் அட்டைக் கறுப்பு. இனி அதைச் செயலி பச்சையாகத் தீட்டினாலும் கேட்க ஆளில்லை. மூலப் படத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை கிடையாது.

இதைவிடப் பெரிய சேதம் முனீஸ்வரன் கோயில் தெருவில் நடக்கிறது. பழைய சாமான் கடைகளுக்குப் போனால் தூண், கதவு, பீங்கான், எனாமல் பாத்திரத்தோடு ஆல்பங்களும் வருகின்றன. ஆல்பமாக விற்றால் விலை வராது என்று படத்தைக் கிழித்து எடுத்து ஒவ்வொன்றாக விற்கிறார்கள். கார் உள்ள படத்துக்குக் கூடுதல் விலை, அதற்கு எங்களைப் போன்றவர்களும் காரணம்தான். ஆனால் கிழித்ததும் பாதி செய்தி போய்விடுகிறது. ஆல்பத்தில் பக்கத்துப் படத்தில் அதே வண்டியின் பின்பக்கம் இருந்திருக்கும். அடுத்த பக்கத்தில் அதே குழந்தை இரண்டு வயது கூடி நின்றிருக்கும். மவுண்ட் அட்டையில் ஸ்டுடியோ பெயர் அழுத்தியிருக்கும், பின்னால் பென்சிலில் யாரோ ஒரு ஆச்சி "நாச்சியப்பன் புதுமைக்கு" என்று எழுதியிருப்பார் (புதுமை என்பது நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்யும் சடங்கு). ஒற்றைப் படமாக வந்த பிறகு அது "விண்டேஜ் கார், செட்டிநாடு" என்று ஏதோ ஒரு ஓட்டல் வரவேற்பறையில் தொங்கும். விற்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளி, பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு யார் வரி கட்டுவது? விற்பதற்கு முன் ஆல்பத்தை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை வரிசை மாறாமல், பின்பக்கமும் சேர்த்து, கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காசில்லாத காரியம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் உள்ள படங்களை யாரும் மதிப்பதில்லை. "இது சும்மா அம்பாசடர்" என்று ஒதுக்கி வைக்கிறார்கள். வருஷம் கண்டுபிடிக்க எனக்கு ரோல்ஸ் ராய்ஸைவிட அவைதான் உசத்தி. முன் கதவின் கீல் பின்பக்கம் இருந்து, கதவு முன்னாலிருந்து திறந்தால் பழைய ஃபியட். பத்மினி என்ற பெயர் இருந்தால் 1974-க்கு முன்னால் இல்லை. வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருந்தால் 1961-க்கு முன்னால் இல்லை, நாலு கதவு இருந்தால் இன்னும் பல வருஷம் தள்ளி. அம்பாசடரில் கிரில் கட்டம் கட்டமாக இருந்தால் மார்க் டூ, 60-களில் வந்தது. இந்த வண்டிகள் ஆயிரக்கணக்கில் ஓடியதால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு படமும் கிடைக்கும், நேரில் பார்க்க வண்டியும் கிடைக்கும். அமெரிக்க வண்டிகளை நேரில் பார்க்க வேண்டுமானால் கோவையில் ஜி.டி. நாயுடு பெயரில் இருக்கும் கார் மியூசியத்துக்குப் போகலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கிரில் எது, பம்பர் எது என்று தொடாமல் காட்டிக்கொடுக்கலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம், இதற்காகத்தான் இத்தனை நீளம் எழுதினேன். கடிதத்தை வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த ஊர்வலப் படத்தை மட்டும் வெட்டாமல் இன்னொரு முறை போடுங்கள். நீங்கள் அச்சிட்டதில் இடது ஓரம், நாயனக்காரருக்குப் பின்னால், பெட்ரோமாக்ஸ் சுமந்து வரும் ஆளின் முழங்கை அருகே, இன்னொரு காரின் பின்பக்கம் ஒரு விரற்கடை அளவுக்குத் தெரிகிறது. டெயில் லைட்டின் பாதியோடு படம் முடிந்துவிடுகிறது. பத்தி அகலத்துக்காக யாரோ வெட்டியிருக்கிறார்கள். சர்வேயர் அதை லேண்ட்மாஸ்டர், அதாவது அம்பாசடருக்கு முன்னால் வந்த வண்டி என்கிறார். லேண்ட்மாஸ்டருக்குப் பின் மட்கார்டு உருண்டு கீழே இறங்கிவிடும். நான் அம்பாசடர் என்கிறேன். மட்கார்டு கடைசியில் சின்னதாக ஒரு வால் தூக்கி அதன் நுனியில் லைட் இருக்கும். அவர் சொல்வது சரியென்றால் இந்தக் கல்யாணம் 1954-க்குப் பின் எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். நான் சொல்வது சரியென்றால் 1957-க்கு முன்னால் இல்லை. படம் கொடுத்த வீட்டார் இதைப் படித்தால், மூலப் படத்தில் அந்த இடது ஓரத்தை மட்டும் கைபேசியில் எடுத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். டெயில் லைட் முழுசாகத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன்,
காரைக்குடி.